பாதி வழிப் பீரங்கி

எங்கள் தீவில், மீலோ ஊரிலிருந்து பிஷப் தொப்பி மலைக்கு ஏறும் பாதையின் நடுவில் ஒரு பீரங்கி இருநூறு ஆண்டுகளாகப் படுத்துக் கிடந்தது. அதன் கூடப்பிறந்தவை எல்லாம் உச்சிக் கோட்டையில் வாயைப் பிளந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன. துரத்தியடித்த பிரெஞ்சுக்காரன் மறுபடி அடிமைச் சங்கிலியோடு வந்தால் வரவேற்க வேண்டுமே என்றுதான் ராஜா அந்தக் கோட்டையையே கட்டச் சொன்னார். இது மட்டும் ஒரு சீமைப்பலா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பழி எங்கள் ஊர்ப் பாட்டுக்காரர் மெரிலூஸின் எள்ளுத்தாத்தா செஃபீர் மேல். எங்கள் பக்கத்தில் கூட்டு வேலை என்றால் கூப்பிட்டவர் சோறு போட வேண்டும், பாட்டுக்காரன் பாட வேண்டும். மற்றதைக் கைகள் பார்த்துக்கொள்ளும். பாட்டில்லாமல் ஒருவரும் மண்வெட்டியைக்கூடத் தூக்கமாட்டார்கள். செஃபீர் பாடிப் பாடி இந்தப் பீரங்கியைப் பாதி மலைக்கு ஏற்றியிருந்தபோது, ராஜா செத்துப்போனார் என்று சேதி வந்தது. அவர் பாட்டை நிறுத்தினார். ஆட்கள் கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்குப் பாதி வழிக்காரர்கள் என்று பெயர். கல்யாண விருந்தில் அவர்களுக்குப் பாதித் தட்டுதான். மெரிலூஸின் அப்பாவுக்கு நாவிதர் ஒரு பக்கம் மட்டும் முடி வெட்டி அனுப்பினார். இதற்குச் சாட்சிகள் உண்டு, எல்லோரும் காலமாகிவிட்டார்கள்.

பீரங்கியை மேலே ஏற்றித் தொலைக்கலாம் என்றால், மலையும் கோட்டையும் தேசச் சின்னம். உத்தரவில்லாமல் ஒரு கூழாங்கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. மெரிலூஸின் அப்பா மூன்று மனு போட்டார். மூன்றுக்கும் பதிலில்லை.

இப்படி இருக்கையில், முத்திரை குத்திய காகிதத்தோடு தலைநகரிலிருந்து ஃபோர்த்துனா என்ற அதிகாரி வந்து இறங்கினார். பீரங்கியைக் கீழே இறக்கி, தலைநகரில் ஓர் அலுவலக வாசலில் பூந்தொட்டிகளுக்கு நடுவே வைக்கப்போகிறார்களாம். பாதையில் லாரி ஏறாது. ஆகவே ஊர் கூடி இழுக்க வேண்டும். பரம்பரைப் பாட்டுக்காரரான மெரிலூஸ் பாட வேண்டும்.

“பூந்தொட்டியா? அப்படியே பவுடர் பூசி நிறுத்துங்க. பொண்ணு கேட்டு வருவாங்க,” என்றாள் மெரிலூஸின் தங்கை க்ளெர்மேன். பாதையோரத்தில் வாழைக்காய் பொரித்து விற்பவள்.

“அம்மா, இது கோட்டைக் கணக்கிலேயே இல்லாத பீரங்கி. சும்மா கிடக்குது,” என்றார் அதிகாரி.

“சும்மா கிடக்கலைங்க ஐயா. வழியில இருக்கு,” என்றார் மெரிலூஸ்.

அதிகாரி அந்தப் பக்கம் போனதும் தங்கை கரண்டியோடு வந்தாள். “அண்ணே, நீ பாடி இதைக் கீழ இறக்கிட்டா நாளையிலேர்ந்து நாம கீழ் வழிக்காரங்க. இருக்கிற பாதித் தட்டும் போயிடும்.”

“உத்தரவு வந்திருக்கு க்ளெர்மேன். நகர்த்தலாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இருநூறு வருஷத்துல இதுதான் முதல் தடவை.”

“கீழன்னுல்ல எழுதியிருக்கு?”

“அவ்வளவு தூரம் நான் படிக்கல,” என்றார் மெரிலூஸ். அவர் நன்றாகவே படிக்கத் தெரிந்தவர்.

மறுநாள் காலை சங்கு ஊதியதும் ஊர் திரண்டது. பீரங்கியின் எடை இரண்டு டன் என்றார் அதிகாரி. ஊர்க் கணக்கில் அது எட்டுக் கழுதையும் ஒரு மாமியாரும். அடியில் உருட்டுக் கட்டைகள் வைத்துக் கயிறு கட்டினார்கள். மேளம் தயார். அதிகாரி எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார்.

“பிஸ்கட் போட்டா பிஸ்கட் அளவுக்குத்தான் நகரும்,” என்று க்ளெர்மேன் சோளமாவுக் களியும் பயறும் ஒரு அண்டா கிண்டி வைத்தாள்.

மெரிலூஸ் முதலில் கல்யாணப் பாட்டு எடுத்தார். எல்லோரும் கயிற்றைப் போட்டுவிட்டு ஆடினார்கள். அதிகாரி வேறு பாட்டு கேட்டார். தேவாலயப் பாட்டு எடுத்தார்; எல்லோரும் மண்டியிட்டார்கள். சாவுப் பாட்டு எடுத்தார். எங்கள் ஊரில் பிணம் வீட்டுக்குத் திரும்பி வரும் வழியை மறக்கட்டும் என்று சவப்பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தூக்கிப்போவது வழக்கம். பீரங்கி சீமைப்பலா மரத்தை மூன்று சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

அதிகாரி கழுத்துப்பட்டையை அவிழ்த்தார். “யோவ், இது நகர்றதுக்குப் பாட்டே கிடையாதா?”

“ஒண்ணு இருக்குங்க. எங்க எள்ளுத்தாத்தா கட்டினது. பாதிதான் பாடியிருக்கு.”

“மீதியைப் பாடித் தொலையும்.”

மெரிலூஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பாட்டை எடுத்தார். வரிசை தானாகத் திரும்பி மலையைப் பார்த்தது. கயிறு விறைத்தது. பீரங்கி மேலே ஏறியது.

“கீழே, கீழே,” என்று அதிகாரி பின்னாலேயே ஓடினார். யார் காதில் விழும்? கிழவிகள் இழுத்தார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி இழுத்தாள்; வயிற்றுப்பிள்ளை உள்ளேயிருந்து தாளம் தவறாமல் உதைத்து உதவியது. கோட்டை கண்ணுக்குத் தெரிந்த செங்குத்தான வளைவில் அதிகாரி குறுக்கே பாய்ந்து வரிசையை மறித்தார்.

“பாட்டை நிறுத்து மெரிலூஸ். இல்லன்னா ஜெயில்.”

மேளம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. மெரிலூஸ் மூச்சு வாங்கினார். இருநூறு ஆண்டுக்கு முன் ராஜா செத்த சேதி வந்ததும் இதே பாதையில், இப்படி ஒரு மூச்சு இடைவெளியில்தான்.

“நிறுத்துறதுக்கு எங்க குடும்பத்துல ஏற்கனவே ஒருத்தர் இருந்தாருங்க ஐயா,” என்றார். “ஜெயில்ல போடுங்க. பாடிக்கிட்டே வர்றேன். ஆனா முதல்ல இது மேல போகும்.”

அடுத்த அடியை எடுப்பதற்குள் ஒரு கட்டை நழுவிப் பீரங்கி ஒரு முழம் பின்னுக்கு வந்தது. வரிசை தடுமாறியது. அதிகாரி என்ன நினைத்தாரோ, கயிற்றைப் பாய்ந்து பிடித்தார். கூட்டு வேலையில் கயிற்றைத் தொட்ட கை பாட்டு முடியும் வரை விடாது. அது சட்டமில்லை, கை அப்படி. பத்தடி போவதற்குள் அவரும் பாடினார். சுருதி சுமார்தான்.

பாட்டு கோட்டைக்குள் முடிந்தது. கடல் பக்கச் சுவரில் இருநூறு ஆண்டுகளாகக் காலியாக இருந்த இடத்தில் பீரங்கியை வைத்தார்கள். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

அதிகாரி கொப்புளம் கண்ட கைகளைப் பார்த்தபடி தரையில் அமர்ந்தார். “இப்ப நான் என்னன்னு எழுதறது?”

“கொஞ்சம் தாமதமா வந்து சேர்ந்துச்சுன்னு எழுதுங்க.”

“இருநூறு வருஷம் கொஞ்சமா?”

மெரிலூஸ் கடலை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நிதானமாகப் பார்த்தார். கப்பல் ஒன்றும் தெரியவில்லை. “பிரெஞ்சுக்காரன் இன்னும் வரலையே ஐயா. இது சண்டைக்கு முன்னாடியே வந்தாச்சு.”

அதிகாரி காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஜெயிலைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

க்ளெர்மேன் அண்டாவை மேலே கொண்டுவரச் செய்திருந்தாள். ஊரே பார்க்க அண்ணனுக்கு ஒரு தட்டு வைத்தாள். களி விளிம்பைத் தாண்டி வழிந்தது. மெரிலூஸ் ஒரு பயறு மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

அதிகாரிக்குப் பாதித் தட்டுதான் வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க பாதியிலதான கயிறு பிடிச்சீங்க,” என்றாள்.