பார்வை நிற்கும் இடம்

அக்கா தியேட்டரிலிருந்து வந்தால், அவளுக்கு முன்னால் பாப்கார்ன் வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். கடைசி ஆட்டத்து இடைவேளைக் கூட்டத்தை கவுண்டரில் ஒற்றை ஆளாகச் சமாளித்துவிட்டு வருவாள். வந்ததும் கால் இரண்டையும் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கட்டிலில் மல்லாந்துவிடுவாள். தங்கைக்கு அதுதான் கச்சேரி நேரம். பக்கத்தில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கடைசியாகப் பார்த்த படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள்.

வீட்டில் அவளுக்கு 'சென்சார்' என்று பெயர். அப்பா வைத்தது. எந்தப் படத்தைப் போட்டாலும் பாதியை வெட்டி எறியாமல் விடமாட்டாள் என்பதால். பதினாறு வயசு. சூப்பர் ஹீரோ படம் என்றால் உயிர். உயிராக இருப்பதால்தான் அவ்வளவு கோபமும். தியேட்டர் ஊழியர்களுக்குக் கொடுக்கும் இலவச டிக்கெட்டை அக்கா கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க, பறக்கிறவன், உருகுகிறவன், சுவரோடு ஒட்டுகிறவன் என்று ஒருத்தனையும் அவள் விட்டுவைக்கவில்லை.

அன்றைக்கு மட்டும் போர்வைக்குள்ளிருந்து சத்தமே இல்லை.

"என்னடி, இன்னைக்கு ஊமைப்படமா?" என்றாள் அக்கா. "'கற்கவசன்' நாலாம் பாகம் எப்படி? அப்பாவை வேற மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனியே, குறட்டை விட்டாரா?"

தங்கை சொல்ல வந்தது வேறு. அதை எங்கிருந்து பிடிப்பது என்று தெரியாமல், தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தாள்.

"படமா அது? ஹீரோவோட தம்பி செத்துப்போறான். அதுக்கப்புறம் மூச்சு விடறதுக்குள்ள ஒரு ஜோக்கு. யாராவது அழுதுருவாங்களோன்னு டைரக்டருக்கே பயம். செத்தவன் அஞ்சாம் பாகத்துல கண்டிப்பா எந்திரிச்சு வருவான், அதனால நடிகனும் சும்மா கடனுக்கு அழறான். அழும்போது கேமரா அவனைச் சுத்திக்கிட்டே இருக்கு. ஏன் தெரியுமா? நின்னுச்சுன்னா அவன் நடிச்சாகணும்."

அக்கா சிரித்தாள். "முகமூடி போட்டவனை என்னதான்டி பண்ணச் சொல்ற?"

"முகமூடி ஒரு சாக்கு. போன வருஷம் 'தூமகேதுப் பெண்' பாத்தோம்ல? அதுல வில்லி மூஞ்சியே தெரியாது. தோளை மட்டும் ஒருதடவை இறக்குவா. அவ தோத்துட்டான்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. இவன் முகத்தை முழுசாத் தொறந்து வெச்சுக்கிட்டும் ஒண்ணும் வரல. எல்லாத்தையும் விட மோசம் கண்ணுதான்க்கா."

"கண்ணா?"

"பச்சைத் துணிக்கு முன்னாடி நிக்க வெச்சு எடுக்கறாங்கல்ல. அங்க அரக்கன் கிடையாது. குச்சியில ஒரு பந்தை மாட்டி, இதுதான் அரக்கன், பாருன்னு சொல்வாங்க. நல்ல நடிகன் பந்தைத் தாண்டி அரக்கனைப் பாப்பான். மத்தவன் பந்தைக்கூடப் பாக்க மாட்டான், அதுக்குப் பக்கத்துல எங்கயோ பாப்பான். தலை சரியாத் திரும்பும், உடம்பு சரியா நடுங்கும். பார்வை மட்டும் ஒரு சாண் தள்ளி நிக்கும். ஒருதடவை அதைக் கண்டுபிடிச்சிட்டோம்னா அப்புறம் எங்க பாத்தாலும் அதுதான் தெரியும்."

"சரி, அதுக்கு ஏன் உன் குரல் நடுங்குது?"

போர்வை விலகியது. இருட்டில் தங்கையின் முகம் அக்காவின் காதுக்கு அருகே வந்தது.

"அப்பாவும் அப்படித்தான் பாக்கறாரு."

அக்காவின் கால்கள் சுவரிலிருந்து மெதுவாக இறங்கின.

பேச்சு பிறகு கொட்டிக்கொண்டு வந்தது. தியேட்டர் முகப்பில் அட்டையில் வெட்டி ஆளுயரத்துக்குக் கற்கவசனை நிறுத்தியிருந்தார்களே, அப்பா அதன்மேல் லேசாக இடித்துவிட்டு, "கொஞ்சம் வழி விடுங்க தம்பி" என்றிருக்கிறார். அப்பாவின் குசும்பு என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்தார்.

"ஆனா ஒரு நொடி லேட்டா சிரிச்சாருக்கா. நான் எதுக்குச் சிரிக்கறேன்னு யோசிச்சுட்டு, அப்புறமா சிரிச்சாரு."

அதன் பிறகு படத்தை அவள் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். இடைவேளையில் ஐஸ்கிரீம் வாங்கி நீட்டினாள். அவர் முகம் அவளை நோக்கித்தான் இருந்தது, பார்வை அவள் காதுக்குப் பக்கத்தில் நின்றது. கை வரும்போது ஐஸ்கிரீமைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். கை பழைய இடத்துக்கே போய், ஒன்றுமில்லாததைப் பிடித்தது.

"'விளையாடறியா?'ன்னு கேட்டாரு. ஆமாம்பான்னு சொல்லிட்டேன்." அவளுக்கு மூக்கு அடைத்தது. "நாளைக்குத் திங்கக்கிழமைக்கா. காலைல வேன் எடுப்பாரு. வண்டி முழுக்க பிள்ளைங்க."

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சொந்த வண்டி. மஞ்சள் நிறத்தில் வாசலில்தான் நிற்கும். வீட்டில் நாலு பேரும் சாப்பிடுவது அதிலிருந்துதான்.

"வயசாகுதுல்ல, கண்ணாடி மாத்தணும். நான் கூட்டிட்டுப் போறேன், நீ தூங்கு" என்றாள் அக்கா.

தங்கை எழுந்து உட்கார்ந்தாள்.

"என்ன சொன்ன?"

"கண்ணாடி மாத்தணும்னேன்."

"இல்ல. நீ அதைச் சொன்ன வேகம். யோசிச்சு சொல்லல நீ. மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தத எடுத்து விட்ட." அவள் குரல் மேலே ஏறியது. "உனக்குத் தெரியும்!"

"மெதுவா பேசுடி சனியனே!"

"தெரியுமா தெரியாதா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு கண்ணு சுத்தமா போச்சு" என்றாள் பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டு. "இன்னொன்னுல நடுப்பக்கம் மறைக்குதாம். ஓரம்தான் தெரியும். கண்ணாடியெல்லாம் போட்டு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அம்மா தையல் கடை வேலையை எதுக்கு விட்டாங்கன்னு நெனச்ச?"

"முதுகு வலின்னு..."

"முதுகு வலிக்காரி குலுங்கற வேன்ல தினம் ஊர் சுத்துவாளா?"

தங்கைக்கு ஒரு காலைப்பொழுது ஞாபகம் வந்தது. பஸ்ஸைத் தவறவிட்டு ஒருநாள் வேனில் போயிருந்தாள். அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அம்மா ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். 'அந்த சைக்கிள்காரனைப் பாருங்க, எப்படிக் குறுக்க வர்றான்.' 'சிவப்பு விழுந்துருச்சு, இவனுங்களுக்கு வேற வேலையில்ல.' 'என்னங்க, அந்த நாய் நகரவே மாட்டேங்குது.' இந்த அம்மாவுக்கு வாய் வலிக்காதா என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது நினைவிருந்தது. அம்மா தொணதொணக்கவில்லை. அம்மா ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் நடிச்சிருக்கீங்க" என்றாள். "என் முன்னாடியே."

"உன் முன்னாடிதான் ரொம்ப நடிக்க வேண்டியிருந்துச்சு. நீதான் பெரிய சென்சாராச்சே." அக்கா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "இன்னும் ரெண்டு மாசம்டி. பரீட்சை முடிஞ்சு லீவு விட்டா வண்டியை வித்துட்டு வேற ஏதாவது பாக்கலாம்னு இருக்காங்க. நடுவுல நிறுத்தினா பொழப்பு அந்தரத்துல நிக்கும். என் சம்பளம் வாடகைக்கே பத்தாது. அம்மா பக்கத்துலயே இருக்காங்க, ஒண்ணும் ஆகாது."

"எல்லாப் படத்துலயும் ஒரு ஸ்கூல் பஸ் வரும்க்கா" என்றாள் தங்கை. "பாலத்துல பாதி தொங்கும். உள்ள பிள்ளைங்க கத்தும். யாராவது பறந்து வந்து ஒத்தைக் கையில புடிப்பான். ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட விழாது. அந்த சீன் வந்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். எவ்வளவு சோம்பேறித்தனமா எழுதிருக்கான்னு திட்டுவேன். நீங்களும் அதைத்தான் நம்பிக்கிட்டு இருக்கீங்க."

அக்கா வாயைத் திறப்பதற்குள் வெளியே செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது.

கதவு மெல்லத் திறந்தது. அப்பா. கசங்கிய லுங்கி, கலைந்த தலை. தெருவிளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து, நாற்காலியின் மேல் விழுந்திருந்தது. நாற்காலியின் முதுகில் தங்கையின் பள்ளிச் சட்டை தொங்கியது. சீட்டில் புத்தகப் பையும் அதன்மேல் துண்டும் குவிந்து கிடந்தன.

அப்பா நாற்காலியைப் பார்த்தார். முகத்தில் அந்தப் பழைய கேலிச் சிரிப்பு வந்தது.

"என்ன சென்சார், ஜன்னல் பக்கத்துல உக்காந்து என்ன யோசனை? காலைல ஸ்கூல் இல்லையா?"

அக்காவின் கை இருட்டில் வந்து தங்கையின் முதுகில் அழுந்தியது. தள்ளியது. எதற்கென்று சொல்லத் தேவையில்லை. சத்தமில்லாமல் நாலு எட்டு வைத்தால் நாற்காலி. அங்கே போய் நின்றுகொண்டு, 'தூங்கப் போறேன்பா' என்றால் போதும். அப்பா சிரித்துவிட்டுப் போய்விடுவார். நாளைக் காலையில் வண்டி கிளம்பும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நாயைப் பற்றியும் சைக்கிளைப் பற்றியும் பேசுவாள். அவளும் இந்த வீட்டு நடிகர் கூட்டத்தில் ஒருத்தியாகிவிடுவாள்.

அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளிப் பார்த்துக்கொண்டு, பதிலுக்காகச் சிரித்தபடியே நின்றார்.

தங்கை அசையவில்லை.

"அப்பா" என்றாள். "நான் இங்க இருக்கேன். கட்டில்ல."

அப்பா திரும்பவில்லை. சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எங்கோ போனது. கையை நீட்டி நாற்காலியைத் தொட்டார். சட்டையைத் தொட்டார். சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலப்பா. நானாத்தான் பாத்தேன்."

விளக்கு எரிந்தது. அம்மா அறை வாசலில் நின்றிருந்தாள். மூன்று பேர் முகத்தையும் ஒருமுறை பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. நேராகப் பெரியவள் மேல்தான் பாய்ந்தாள்.

"உன் வாயில சோறு போட்டேனா, இல்ல ஒலிபெருக்கி வெச்சேனாடி?"

"நான் சொல்லலம்மா!"

"அப்போ இவளுக்கு எப்படி..." அம்மா சின்னவள் பக்கம் திரும்பினாள். "உனக்கு என்னடி தெரியும்? நான் பக்கத்துல இல்லையா? இத்தனை மாசத்துல யார் மேலயாவது ஒரு கீறல் விழுந்திருக்கா? சொல்லு, விழுந்திருக்கா?"

"அதான் போன வாரம்" என்றார் அப்பா.

"என்ன போன வாரம்? ஒண்ணுமே ஆகல!"

"அந்தக் கடைசி வீட்டுப் பையன். ஷூ கயிறு கட்டறதுக்கு வண்டி முன்னாடி குனிஞ்சிருக்கான். நீ கத்தின. நான் பிரேக் போட்டேன்." அப்பா நடந்துவந்து கட்டிலின் ஓரத்தைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "நீ கத்தினதுக்கும் நான் மிதிச்சதுக்கும் நடுவுல வண்டி நகர்ந்துச்சு. அந்த நகர்ந்தது எனக்குக் கால்ல இருக்கு. ராத்திரி படுத்தா கால் துடிக்குது. அதான் எந்திரிச்சு நடந்துக்கிட்டே இருக்கேன்."

அம்மா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அப்பா தங்கை பக்கம் கையை நீட்டினார். கொஞ்சம் தவறியது. அவளே நகர்ந்து அந்தக் கைக்குள் வந்தாள்.

"போனை எடு. பிள்ளைங்களோட அப்பா அம்மாங்க எல்லாரும் ஒரு குரூப்ல இருக்காங்கள்ல. நான் பேசறேன், நீ அனுப்பு."

"வண்டி ரிப்பேர்னு சொல்லுங்க" என்றாள் அம்மா தரையிலிருந்து. "என்னங்க, தயவுசெஞ்சு. ரிப்பேர்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டு நாள் யோசிச்சுட்டு..."

தங்கை குரல் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எல்லாருக்கும் வணக்கம். நாளைலேர்ந்து வண்டி வராது. வண்டில ஒரு சின்ன..." நிறுத்தினார். "அழிச்சிடு" என்றார்.

மறுபடி பிடித்தாள். இந்த முறை அவர் கனைக்கவில்லை. "நான்தான் வேன்காரன். எனக்குக் கண்ணு சரியில்ல. நாளைலேர்ந்து பிள்ளைங்களை நான் கூட்டிட்டுப் போகக் கூடாது. வேற ஆளைப் பாத்துக்குங்க. மன்னிச்சிடுங்க." அவ்வளவுதான். நடுவில் ஒரு மூச்சுகூடத் தனியாக எடுக்கவில்லை.

அனுப்பினாள்.

அக்கா அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மா மெல்லிய குரலில் எதையெதையோ கணக்குப் போடுவது போல முணுமுணுத்தாள். வண்டியை யார் வாங்குவார்கள், தையல் கடைக்காரி திரும்பச் சேர்த்துக்கொள்வாளா, சின்னவளின் படிப்பு. அக்கா அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். தங்கைக்குப் பயம் போகவில்லை. வேறு பயமாக மாறி, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் தூங்கியிருப்பார்கள், காலையில்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். ஆனால் போன் அதிர்ந்தது. கடைசி வீட்டுப் பையனின் அம்மா. அந்த ஷூ கயிறு பையன். அவன் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலையில் விழித்திருந்திருப்பாள்.

"யாரு?" என்றார் அப்பா.

சொன்னாள்.

"என்ன போட்டிருக்காங்க?"

தங்கை அந்த எழுத்துகளைப் பார்த்தாள். 'பரவாயில்ல, உடம்பைப் பாத்துக்கங்க' என்று படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடலாம். அப்பாவால் சரிபார்க்க முடியாது. அம்மா நிமிர்ந்து அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையும் அதைத்தான் கெஞ்சியது.

"படிம்மா" என்றார் அப்பா.

"'எவ்வளவு நாளா இப்படி இருக்கு, அண்ணே?'ன்னு கேட்டிருக்காங்க" என்று படித்தாள்.

அப்பா உதடுகளைத் திறந்தார். மூடினார். அவள் பொத்தானை அழுத்திப் பிடித்து, போனை அவர் வாய்க்கு அருகே கொண்டுபோனாள். இன்னொரு கையால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.