வாசிக்காமல் கேட்ட இணைப்பு

நிலாவெளியில் ஸாஜித்துக்கு இரண்டு படகுகள். சுற்றுலா வருகிறவர்களைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போவது தொழில். அதற்கு இணையத்தளம் செய்து கொடுத்தவள் அவன் தங்கை ஷிஃபானா. திருகோணமலை நகரில், ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே செய்தாள். தளம் வடிவாகத்தான் இருந்தது. தேடுகிறவர் கண்ணில்தான் படவில்லை.

வேறு தளங்கள் இணைப்புக் கொடுத்தால்தான் தேடலில் மேலே வரலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். ஸாஜித் பொறுமையில்லாமல் யாரிடமோ காசு கொடுத்து இணைப்புகள் வாங்கினான். சூதாட்டத் தளங்களும் மருந்து விற்கிற தளங்களும் அவன் படகுகளுக்கு இணைப்புக் கொடுத்தன. காசுக்கு வாங்கிய இணைப்புகள் என்று தேடுபொறி கண்டுபிடித்துவிட்டது; கொஞ்ச நாளில், பெயரைச் சொல்லித் தேடினாலும் தளம் வராமல் போயிற்று.

அந்தக் குப்பையை எல்லாம் நீக்கிவிட்டு ஷிஃபானா கடிதம் எழுதத் தொடங்கினாள். திருகோணமலைக் கடலைப் பற்றி எழுதிய தளங்களைத் தேடிப்பிடித்து, எல்லாருக்கும் ஒரே கடிதம். பெயர் மட்டும் மாறும். ‘உங்கள் அழகான பக்கத்தை வாசித்து மகிழ்ந்தோம். எங்கள் தளத்துக்கும் ஓர் இணைப்புத் தருவீர்களா?’

ஒரேயொரு பதில் வந்தது. கிளிவெட்டியிலிருந்து கீர்த்தனி என்றொருத்தி எழுதியிருந்தாள்.

‘என் தம்பி இராகுலன் கடலில் போனதைப் பற்றிய பக்கம் அது. அதில் எதை வாசித்து மகிழ்ந்தீர்கள்?’

ஷிஃபானா அப்போதுதான் அந்தப் பக்கத்தை முழுதாக வாசித்தாள். மார்கழி விடுமுறையில் நண்பர்களோடு நிலாவெளிக்கு வந்த பெடியன். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றவனை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. எந்த மாதத்தில் எங்கே இறங்கக்கூடாது என்று தெரிந்தவரை எழுதிவைத்திருந்தாள் அக்கா.

கீழே தொலைபேசி இலக்கம் இருந்தது. அழைத்தாள்.

“நான் வாசிக்காமல் அனுப்பினனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“உங்கட தளத்தை நான் வாசிச்சனான்,” என்றாள் கீர்த்தனி. “வருசம் முழுக்கக் குளிக்கலாம் எண்டு போட்டிருக்கு. தம்பியும் இப்பிடி ஒண்டைப் பாத்திட்டுத்தான் போனவன். எதைப் பாத்தவன் எண்டு தெரியாது.”

அந்த வரியை எழுதியது ஷிஃபானாதான். எல்லாரும் போடுகிறார்களே என்று போட்டது.

அன்று பின்னேரமே நிலாவெளிக்குப் போய் அண்ணனிடம் சொன்னாள்.

“அதை எடுத்தா மார்கழியில ஒருத்தரும் வரமாட்டாங்க,” என்றான் ஸாஜித். “மத்த ஆக்களெல்லாம் போட்டிருக்காங்கதானே?”

அவள் கீர்த்தனியின் பக்கத்தைத் திறந்து போனை அவன் கையில் கொடுத்தாள். அதிலிருந்த படத்தை அவன் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

“இந்தப் பெடியனைத் தேடிப்போன படகில நானும் இருந்தனான்,” என்றான். “அலைக்கு அங்கால போக ஏலாமப் போச்சு. மூண்டாம் நாள்தான் உடல் கரையில ஒதுங்கினது.”

பிறகு அந்த வரியை அவனே எடுக்கச் சொன்னான். “நான் சொல்றதை எழுது,” என்றான். மார்கழி வாடைக்காற்றில் கடல் எப்படி மாறும், கரையோரத்தில் எங்கே திடீரென்று ஆழம், இழுபட்டால் கரையை நோக்கி நீந்தாமல் பக்கவாட்டில் நீந்தவேண்டும் என்பதெல்லாம் அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போட்டாள். இதற்காக ஒருவரிடமும் இணைப்புக் கேட்கவில்லை.

முதலில் ஒரு ஹோட்டல் தன் தளத்தில் அந்தப் பக்கத்துக்கு இணைப்புப் போட்டது. பிறகு மூதூரில் ஒரு பள்ளிக்கூடம். பயணம் பற்றி எழுதுகிற இரண்டு வெளிநாட்டுக்காரர். ஸாஜித்தின் படகுகள் தேடலில் முதல் பக்கத்துக்கு வந்தன. அந்த மார்கழியில் கேட்டு வந்தவர்களைச் சித்திரைக்குப் பிறகு வரச்சொல்லித் திருப்பியனுப்பினான். படகுகள் கரையில் கிடந்தன.

தை மாதத்தில் ஒருநாள் கீர்த்தனியின் பக்கத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது. ‘கடலுக்குப் போகமுதல் இதையும் வாசியுங்கள்.’ அதில் அவர்களுடைய தளத்துக்கு இணைப்பு.

அவ்வளவு நாள் தேடி அலைந்த பொருள் கையில் கிடைத்தும் ஷிஃபானாவால் சந்தோசப்பட முடியவில்லை. நன்றி என்று எழுதி அழித்தாள். கடைசியில், அன்று தேடிப்போனவர்களில் தன் நானா ஸாஜித்தும் ஒருவர் என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்துக் கீர்த்தனியே அழைத்தாள்.

“அம்மாட்டச் சொன்னனான். நானாவை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வருவீங்களா? தேடினவரைப் பாக்கவேணுமாம்.”

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அண்ணனும் தங்கையும் கிளிவெட்டிக்குப் புறப்பட்டார்கள். அலைக்கு அப்பால் போகமுடியாமல் திரும்பியதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியில் ஸாஜித் தங்கையிடம் இரண்டு தரம் கேட்டான்.