பூட்டிய கதவைப் பற்றி ரஞ்சிதா சொன்னது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. நான் எழுத்தாளன் என்பதை என் மனைவி ஜெபசீலியே முழுதாக நம்புவதில்லை. சோறு போடுவது மொழிபெயர்ப்பு. ஓசூரில் ஏற்றுமதிக் கம்பெனிகளில் தொழிலாளர்களின் பாதுகாப்பைச் சோதிக்க வரும் வெளிநாட்டு ஆடிட்டர்களுக்கு, தொழிலாளர்கள் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வேன்.

2

ஜூஜுவாடி எல்லையில் காலைப் பனிக்குள் கம்பெனி பஸ்கள் வரிசையாக...

(அடித்துவிட்டேன். பஸ்ஸை வருணித்துத் தப்பிக்கப் பார்க்கிறேன்.)

சட்டை தைக்கும் கம்பெனி அது. நானூறு பெண்கள். தைப்பதெல்லாம் ஒரே ஒரு வெளிநாட்டுக் கடைக்கு. ஆடிட்டுக்கு முன்பே எச்.ஆர். ஆஸ்டின் எல்லோருக்கும் பதில்களைச் சொல்லிக்கொடுத்திருந்தார். பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் இருந்த சாமல்பட்டிக்காரி ரஞ்சிதா மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

"அந்த அவசரக் கதவு எப்பவும் பூட்டித்தான் கெடக்கும் மேடம். இன்னிக்கி நீங்க வர்றீங்கன்னு தெறந்து வெச்சிருக்காங்க."

ஆடிட்டர் அம்மா என்னைப் பார்த்தார். கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

[ஆர்டர் போனால் நானூறு பேர் தெருவில் நிற்பார்களே என்று நினைத்தேன். அது பாதி. அடுத்த ஆடிட்டுக்கும் ஆஸ்டின் என்னையே கூப்பிட வேண்டும் என்பது மீதி.]

3

ஆறு மாதத்தில் ஆர்டர் எப்படியும் போனது. அந்தக் கடை இருக்கும் நாடு நம் துணிக்கு இறக்குமதி வரியை ஏற்ற, கடைக்காரர்கள் வரி குறைந்த வேறு நாட்டில் தைக்கக் கொடுத்துவிட்டார்கள். இதை ஆஸ்டினே என்னிடம் சொன்னார். கம்பெனியை மூடியபோது தொழிலாளர்களிடம் யாரும் வரியைப் பற்றிப் பேசவில்லை. ஆடிட்டில் ஒருத்தி வாயைத் திறந்ததால் வந்த வினை என்ற பேச்சு மட்டும் அவர்கள் தங்கியிருந்த கம்பெனி ஹாஸ்டல் முழுக்கப் பரவியது. ரஞ்சிதாவோடு ஒரே தட்டில் சாப்பிட்ட பேச்சியம்மாள் அவள் முகத்தில் விழிப்பதையே விட்டுவிட்டாள்.

4

ஒரு முடிவு: ரஞ்சிதாவுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைக்கிறது. (கிடைக்கவில்லை. அவள் பெயரைக் கேட்டதுமே அனுப்பிவிட்டார்கள்.)

இன்னொரு முடிவு: நான் ஹாஸ்டல் வாசலில் நின்று எல்லோர் முன்னாலும் உண்மையை... (என் தைரியம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.)

5

நேற்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நின்றிருந்தாள். வரியைப் பற்றிச் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டாள்.

"அத விடுங்க சார். நான் சொன்னத அந்த மேடம்கிட்ட அப்படியேதான சொன்னீங்க?"

ஆமாம் என்றால், நானூறு பேர் பிழைப்பைக் கெடுத்தவளாக ஊர் போய்ச் சேருவாள். இல்லை என்றால் பழி தீரும். ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் அவள் துணிந்து சொன்னது யார் காதிலும் விழவே இல்லை என்பதும் தெரிந்துவிடும். எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் சொன்ன பதிலை எழுதினால் நீங்கள் நம்பக்கூடாது. அவளுக்கு என்ன சொல்வது என்று நீங்களே சொல்லுங்கள். கிருஷ்ணகிரி பஸ் கிளம்புகிறது, அவள் இன்னும் ஏறவில்லை.