அதிபருக்கான நான்கு பைகள்

“குடுத்தது நானுங்க சார். நேத்து இந்தக் கட்டில்ல படுத்துத்தான் குடுத்தேன். உள்ள இருக்கற நாலு பையில ஒண்ணு என்னுதுங்க” என்றான் பஷீர்.

“இருக்கலாந் தம்பி. இப்ப அது உங்களதில்லீங்களே” என்றார் குளிர்பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் அழகிரிசாமி. அவர் அதட்டிச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று நஞ்சுண்டனுக்குத் தோன்றியது. அதட்டுகிறவரோடு சண்டை போடலாம். இவர் ‘ங்க’ போட்டுக் கதவைச் சாத்துகிறார்.

அந்த ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் நஞ்சுண்டனுக்கு இது பதினாறாவது வருடம். மில் இயந்திரங்களைப் பார்க்க ஏதோ ஒரு நாட்டின் அதிபர் கோயமுத்தூருக்கு வருகிறார் என்றதும், அவருக்கு முன்பே அவருடைய ரத்தப் பிரிவு ஓர் உறைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. பி நெகட்டிவ். போகிற வழியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் நான்கு பைகள் தயாராக இருக்க வேண்டும். நஞ்சுண்டனின் நோட்டில் அந்தப் பிரிவுக்கு மொத்தமே ஐந்து பேர்தான். ஒருவர் துபாய் போய்விட்டார். மிச்ச நான்கு பேரையும் இரண்டு நாளில் தேடிப் பிடித்து எடுத்துவிட்டான். பைகளை உள்ளே வைத்துப் பூட்டி, கதவில் காகிதம் ஒட்டி, டெல்லி அதிகாரியும் அழகிரிசாமியும் அவனுமாகக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோருக்கும் ஆகும் ஓ நெகட்டிவ் பைகள்கூட அதிபரின் காருக்குப் பின்னால் வரும் ஆம்புலன்ஸில் ஏறிவிட்டன. மூன்று மணிக்கு விமானம் கிளம்பும் வரை யாரும் எதையும் தொடக்கூடாது.

நான்காவதாக வந்தவன் பஷீர். கோட்டைமேட்டில் டிரங்குப் பெட்டி செய்கிறவன். நேற்று அவன் தயங்கத்தான் செய்தான். “தங்கச்சிக்கு அடுத்த மாசம் பிரசவமுங்கண்ணா. அவளுக்கும் இதே குரூப்பு. அவளுக்குன்னு வெச்சிருக்கேன்” என்றான், ஏதோ டப்பாவில் போட்டு வைத்திருப்பவனைப் போல. “இன்னும் இருவது நாளு கெடக்குதுங்க. அதுக்குள்ள நான் வேற ஆளப் புடிச்சு வெக்கறேன்” என்று சொல்லி நஞ்சுண்டன்தான் அவனைப் படுக்க வைத்தான். யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது உத்தரவு.

இன்று காலை ஒன்பது மணிக்கு அந்தத் தங்கை உம்மல் குல்சுமை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சீட்டெல்லாம் ரத்தம்.

சுவரில் இருந்த போன் அடித்தது. மாடியிலிருந்து டாக்டர் லோகப்பிரியா.

“பொள்ளாச்சியில இருந்து ஒரு பை வருதுன்னீங்களே?”

“சுங்கம் முக்குல வண்டிய நிறுத்திப்போட்டாங்க மேடம். பெரியவரு வண்டியெல்லாம் போனாத்தான் உடுவாங்களாம். டிரைவர் பூத்துல இருந்து பேசுனாரு.”

“காமணி நேரங்கூடத் தாங்காது நஞ்சுண்டன்.” போன் வைக்கப்பட்டது.

பஷீர் சட்டைக் கையை மேலே ஏற்றினான். முழங்கை மடிப்பில் நேற்று ஒட்டிய பிளாஸ்திரி அப்படியே இருந்தது. “இன்னொருக்கா எடுங்கண்ணா.”

“நேத்தே கண்ணு இருட்டுதுன்னு உக்காந்துட்டீங்க. டாக்டர் உடமாட்டாங்க.”

“யாருக்குன்னு நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா…” பஷீர் அதை முடிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சட்டைக் கையை மெதுவாக இறக்கி விட்டுக்கொண்டான்.

ஒரு பையை எடுக்கலாமா என்று அழகிரிசாமி வயர்லெஸ்ஸில் மூன்றாவது முறையாகக் கேட்டார். காத்திருக்கச் சொல்லி அதே பதில் வந்தது. டெல்லி அதிகாரி முதல் காரில் இருக்கிறாராம்.

“நாலுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. மூணா இருந்துச்சுன்னா நீங்களும் நானும் ஊட்டுக்குப் போக வேண்டீதுதான்” என்றார். “எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க.”

“அவருக்கு ஒண்ணும் ஆகாதுங்க சார்.”

“ஒண்ணும் ஆகாதுன்னா நான் எதுக்குங்க மூணு நாளா இந்த ஸ்டூலத் தேச்சிட்டிருக்கேன்?”

நஞ்சுண்டன் அந்த அதிபரை நினைத்துப் பார்த்தான். குளிர்ந்த காரில், கண்ணாடிக்கு வெளியே ஓடும் வேப்பமரங்களைப் பார்த்தபடி வந்துகொண்டிருப்பார். அவருக்கும் ஒரு தங்கை இருக்கலாம். விஷயத்தைச் சொன்னால் கையசைத்து, கொடுத்துவிடுங்கள் என்றுகூடச் சொல்லிவிடுவார். எத்தனையோ ஏற்பாடு செய்தவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு வழி வைக்கவில்லை. நேற்று சோதனைக்காகத் தனியே எடுத்து வைத்த குழாயில் இருந்து, யாரிடமும் சொல்லாமல், பஷீரின் ரத்தம் அவளுக்குப் பொருந்துகிறதா என்று நஞ்சுண்டன் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தான். பொருந்தியது.

“நீங்க மேல போய்த் தங்கச்சிகிட்ட இருங்க பஷீரு” என்றான். பஷீர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படியேறினான்.

தூரத்தில் சைரன் கேட்டது. நர்சுகள் செருப்புச் சத்தத்தோடு முன்பக்கம் ஓடினார்கள். அறையில் இரண்டு பேர் மட்டும்தான். நஞ்சுண்டன் கோட்டுப் பையில் இருந்த குளிர்பெட்டிச் சாவியை எடுத்து, அழகிரிசாமிக்குத் தெரியும்படி மேசை மேல் வைத்தான். குரல் வழக்கம்போலத்தான் வந்தது.

“ஏனுங் சார், மூணு நாளா இங்கயே கெடக்கறீங்க. யாருக்குக் காவல் இருக்கறீங்களோ அவரு மூஞ்சியக்கூட நீங்க பாக்கலை. முன்னால வராண்டாக் கண்ணாடியில நல்லாத் தெரியுமாமுங்க. ஒரு அஞ்சு நிமிசம் போய்ப் பாத்துப்போட்டு வாரீங்களா?”

அழகிரிசாமி மடியில் இருந்த தொப்பியை எடுத்தார். தலையில் வைக்காமல், கீழேயும் வைக்காமல், இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். சைரன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டிருந்தது.