அப்பா பெயரில் ஒரு மெமோ

அந்தச் சலவை ஆலையில் காலை ஏழு மணிக்கு ஆள் எண்ணுவார்கள். மேஸ்திரியம்மா அட்டையைப் பார்த்து இவளுடைய அப்பாவின் பெயரை உரக்கக் கூப்பிடுவாள். நடுவில் உடைத்து, கடைசி எழுத்தை விழுங்கி, எப்படியோ ஒரு வழியாகச் சொல்லி முடிப்பாள். இவள் கையைத் தூக்கி, வந்திருக்கிறேன் என்பாள்.

எல்லாம் ஒரு கட்டத்தால் வந்த வினை. கல்யாணத்துக்கு முன்பு அப்பாவே கூட்டிப்போய், வரிசையில் நின்று எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட் அது. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் காலியாக இருக்க, நமக்கேது குடும்பப் பெயர் என்று விண்ணப்பம் நிரப்பியவன் இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை அதில் போட்டுவிட்டான். ஊரில் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. இந்த வெளிநாட்டில் வந்து இறங்கியதும் அதுவே அவள் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அடையாள அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் கிடந்தது. சட்டைப்பைக்கு மேல் அப்பா, லாக்கர் கதவில் அப்பா, சம்பளச் சீட்டில் அப்பா. நேற்று வேலைக்குச் சேர்ந்த சின்னப் பெண்கள்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, துணியைச் சீக்கிரம் மடி என்று விரட்டினார்கள். இவளோ பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டபோதுகூட அப்பா பெயரை வாயால் சொல்லக் கூசி, நோட்டில் எழுதிக் காட்டிய பிள்ளை.

விழுந்து விழுந்து சிரிக்கலாம். சிரிக்க முடியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன்பு, பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டு அவள் புருஷனோடு வாசலில் வந்து நின்ற அன்று, அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இனிமே என் பேரைச் சொல்லிக்கிட்டு எவன் முன்னாடியும் போய் நிக்காத."

அதோடு பேச்சு நின்றுபோனது. அவர் கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை. வீம்பில் மட்டும் அப்படியே அப்பாவை உரித்து வைத்தவள். அப்படிப்பட்டவள் இப்போது தினமும் ஏழு மணிக்கு அவர் பெயரைச் சொல்லித்தான் பிழைப்புக்கு நிற்கிறாள். ஒவ்வொரு முறை கையைத் தூக்கும்போதும், திருட்டுச் சாமானைக் கையில் வைத்திருப்பதுபோல அவளுக்கு உடம்பு கூசும்.

அதற்கும் ஒரு முடிவு வந்தது. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும்போது கல்யாணச் சான்றிதழைக் காட்டினால் புருஷன் பெயருக்கு மாறிக்கொள்ளலாம் என்றார்கள். லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் புருஷன், தலைவலி விட்டது என்று படிவத்தை அன்றே நிரப்பி மேசைமேல் வைத்துவிட்டான். அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அப்பாவோடு மிச்சமிருக்கிற ஒரே ஒட்டும் அறுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவர் சொன்னபடிதானே நடக்கிறது, நமக்கென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பேனாவை எடுப்பாள், வைப்பாள்.

அந்த வாரம் பார்த்துத்தான் மெமோ வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை வெந்நீரில் வெளுத்து, சூடான உருளைக்குள் விட்டு இஸ்திரி போடுவது அங்கே வேலை. துணி மடிப்பில் யாரோ விட்டுவைத்த கத்தரிக்கோல் ஒன்று உருளைக்குள் போய் அதன் உறையைக் கிழித்துவிட்டது. துணியை உதறிப் பார்க்கிற மேசை இவளுடையது அல்ல. ஆனால் கிழிந்த நேரத்தில் உருளைக்கு முன்னால் நின்றது இவள்தான். நடந்ததை நாலு பேர் முன்னால் எடுத்துச் சொல்ல இந்த ஊர் மொழி நாக்கில் புரளவில்லை. தலையைக் குனிந்து தாளை வாங்கிக்கொண்டாள். தாளின் உச்சியில் கொட்டை எழுத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அதன் கீழே கவனக்குறைவு என்று போட்டிருந்தது.

முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டியவர் அப்பா. ஒரு மெமோ வாங்கியதில்லை என்பதுதான் அவருடைய ஒரே பீற்றல். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி வருவதற்கு முன்பே அந்தப் பேச்சு வந்துவிடும். அப்பேர்ப்பட்ட பெயரைக் கெடுத்தாகிவிட்டது என்று அவள் லாக்கர் அறையில் உட்கார்ந்து அழுதாள்.

அப்பா பழைய கூட்டாளிகளோடு பேச பஸ் டிப்போவுக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் அம்மா போன் செய்வாள். புதன்கிழமை இவள் அம்மாவிடம் மெமோவையும் சொன்னாள், படிவத்தையும் சொன்னாள். அம்மாவின் வாயில் எது நின்றது, இது நிற்க?

வியாழக்கிழமை தேநீர் இடைவேளையில் போன் அடித்தது. ஷிஃப்ட் மாற்றுகிற ஆபீஸ் அம்மாள்தான் அந்த நேரத்தில் கூப்பிடுவாள். எடுத்ததும் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். ஈரக் கையைத் துடைத்தவள், எண்ணைக்கூடப் பார்க்காமல் காதில் வைத்து, வழக்கம்போல அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

மறுமுனையில் எங்கோ ஒரு பஸ் ஹார்ன் அடித்தது.

"அது நீன்னா," என்றது குரல், "அப்ப இங்க பேசறது யாரு?"

ஆறு வருடமாக எந்த வாயில் வீம்பு குடியிருந்ததோ, அவளுடைய அந்த வாயிலிருந்து வந்தது.

"அப்பா."

அப்பா செருமிக்கொண்டார். சாப்பிட்டாயா, எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த மனிதரும் இல்லை.

"மெமோ வாங்கினியாமே."

"ஆமாப்பா."

"உன் தப்பா?"

"இல்லப்பா. துணிய உதறிப் பாக்கறது என் வேலையே இல்ல."

"பதில் எழுதிக் குடுத்தியா?"

இல்லை என்றாள். மொழி வரவில்லை, பிழை பிழையாக வரும் என்றாள்.

"பிழையா இருந்தா இருந்துட்டுப் போவுது. மெமோவுக்குப் பதில் குடுக்கலன்னா தப்ப ஒத்துக்கிட்டதா ஆயிடும். இன்னைக்கே எழுது. நாலு வரி போதும்."

"சரிப்பா."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் வைக்கவில்லை. இன்னொரு பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"கடைசியில கையெழுத்துப் போடுவ இல்ல," என்றார். குரல் தணிந்திருந்தது. "வெறும் இனிஷியல் போட்டு விட்டுடாத. பேரை முழுசா எழுது."