முறித்து வைத்த கொப்பு

"இந்தக் கொப்பை இங்கே முறித்து வைத்தது யார்?" என்று வனவிலங்கு அதிகாரி என்னைப் பிரெஞ்சில் கேட்டார்.

செத்துக் கிடந்த மூஸ் என்ற பெரிய காட்டுமானின் தலைமாட்டில், ஒரு கல்லுக்கு அடியில், ஊசியிலைக் கொப்பு பச்சையாக இருந்தது. ஊரில், வன்னிக் காட்டுப் பாதையில் போகிறவர்கள் பிள்ளையாருக்கு இப்படித்தான் வைப்பார்கள். ஆரூரன் மாமா கியூபெக் காட்டிலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. காசு ஏற்றும் வாகனத்துக்குத் துவக்குடன் காவல் போகிறவர். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில், நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று கேட்காதவர் அவர் மட்டும்தான். தனக்குப் பிரெஞ்சு ஓடாது என்று சொல்லி என்னை வேட்டைக்குக் கூட்டிப் போவார். நான் பேசாமல் இருப்பது காட்டில் அவருக்கு வசதி.

முதல்நாள் பின்னேரம் றெஜான் என்ற வேட்டைக்காரர் கட்டிய மரப்பரணில் மாமா ஏறி இருந்துவிட்டார்.

"இறங்கு. இது நான் கட்டியது," என்றார் றெஜான்.

"அரசாங்கக் காட்டில ஆரும் இருக்கலாம். அவன்ர அப்பரோ காட்டை எழுதி வைச்சவர் எண்டு கேள், நிரோ," என்றார் மாமா என்னிடம்.

"இது எல்லாருக்கும் பொதுவான காடாம்," என்று மட்டும் நான் பிரெஞ்சில் சொன்னேன்.

"காடு பொதுதான். பலகை என்னுடையது." றெஜான் துப்பிவிட்டுப் போனார். சட்டம் மாமாவின் பக்கம் இருந்தது.

மறுநாள் விடிய, பனிப்புகாருக்குள் ஒரு மூஸ் வந்தது. மாமா அந்தப் பரணில் இருந்தே சுட்டார். கிட்டப் போனால், கொம்பு இல்லை. அந்த வருடம் அந்தப் பகுதியில் பெட்டை மூஸைச் சுடத் தடை. சற்றுத் தள்ளி அதன் கன்று நின்றது. எங்களைக் கண்டும் ஓடவில்லை.

"கொம்பெண்டுதானே நினைச்சன். பின்னால நிண்ட மரமடி அது." மாமா துவக்கைக் கீழே வைத்தார். கொப்பை முறித்து வைத்துக் கும்பிட்டார்.

"வனவிலங்கு அதிகாரிக்கு அறிவிப்பம் மாமா."

"கதைக்காத பிள்ளைக்கு இண்டைக்குத்தான் வாய் வந்திருக்கு. துவக்கு லைசன்ஸ் போனா என்ர வேலையும் போச்சு. பேசாம வா."

நாங்கள் கூடாரத்தைக் கழற்றி முடிப்பதற்குள் அதிகாரி வந்து, எங்களைப் பரணடிக்குக் கூட்டிப் போனார். அறிவித்தவர் றெஜான்தான். ஆனால் அவருடைய பரணுக்குக் கீழே மூஸ் கிடந்ததால் சந்தேகம் அவர்மேலும் விழுந்து, அவருடைய துவக்கு ஏற்கெனவே அதிகாரியின் வாகனத்தில் இருந்தது. றெஜான் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"கொப்பு காத்துக்கு விழுந்ததெண்டு சொல்லு," என்றார் மாமா. "சுட்டது அவன்தான் எண்டு சொல்லு. கெதியாச் சொல்லு, பிள்ளை."

அதிகாரி காத்திருந்தார். அந்நியர் முன்னால் எனக்கு எப்போதும் பேச்சு வராது. அன்றைக்குத் தடுத்தது வேறு. உண்மையைச் சொன்னால் மாமா இனி எங்கள் வீட்டுக்கு வரமாட்டார்.

"என் மாமா வைத்தார்," என்றேன். "அவர்தான் சுட்டார். கொம்பு என்று நினைத்துவிட்டார்."

அவ்வளவு பிரெஞ்சு மாமாவுக்கும் விளங்கும். அதிகாரி கேட்காமலே மாமா தன் துவக்கை அவரிடம் நீட்டினார். றெஜான் தன்னுடையதை வாங்கிக்கொண்டு, என்னைத் திரும்பியும் பார்க்காமல், பரணின் பலகைகளைக் கழற்றத் தொடங்கினார்.

வீட்டுக் கதவை அம்மா சிரித்துக்கொண்டு திறந்தாள்.

"இறைச்சி எங்க, ஆரூரன்? இரு, தேத்தண்ணி போடுறன்."

மாமா என் பையைச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தேத்தண்ணிக்கும் நிற்காமல் படியிறங்கிப் போனார்.