அசையாத தண்ணீர்

பல்செட் செய்து பிழைக்கிறவருக்கு ரயில் என்ஜின் பித்து எப்படிப் பிடித்தது என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். ஆறு வருடம் ராவியும் பற்றவைத்தும் முழங்கால் உயரத்தில் ஒரு நீராவி என்ஜினைச் செய்து முடித்திருந்தார். பொம்மை என்று சொன்னால் முகம் சுண்டிவிடும். கரியும் நீராவியும் நிஜம். தள்ளுவண்டி மாதிரிப் பெட்டிகளைப் பூட்டினால் பன்னிரண்டு பிள்ளைகளை இழுக்கும்.

அவர் மாதிரியாக எடுத்துக்கொண்ட அசல் என்ஜினுக்கு ரயில்வே ஊழியர்கள் வைத்த பெயர் கறுப்பி. எழுபது வருடத்துக்கு முன்னால் ஓர் ஏற்றத்தில் அதன் கொதிகலன் வெடித்து ஓட்டுநர் செத்துப்போனார். கரி அள்ளிப் போட்டவர் மட்டும் பிழைத்தார். "நீர்மட்டக் கண்ணாடியில பாதித் தண்ணி இருந்துச்சு" என்று அவர் விசாரணையில் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. தண்ணீரை வற்றவிட்டது இருவரின் அலட்சியம் என்று அறிக்கை முடிந்தது. அதைப் படித்தபோது பல்செட்காரரும் அப்படித்தான் நினைத்தார்.

பள்ளி மைதானத்தில் தண்டவாளம் போட்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மூன்றாவது சுற்று. தண்டவாளம் மேடேறும் இடத்தில் என்ஜின் குலுங்கியது. கொதிகலனில் எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் நீர்மட்டக் கண்ணாடியை அவர் தற்செயலாகப் பார்த்தார். பாதித் தண்ணீர் இருந்தது. ஆனால் அசையவில்லை. வண்டி குலுங்கினால் அதுவும் தளும்ப வேண்டும்.

கண்ணாடியின் துவாரம் அடைத்திருந்தால் அது காட்டுவது பொய்; உள்ளே தண்ணீர் வற்றியிருக்கலாம். வண்டியை நிறுத்தினார். பின்னால் பன்னிரண்டு பிள்ளைகள்.

மனைவியின் தம்பி ஓடி வந்தான். "என்ன அத்தான், தண்ணி கொறையுதா? பம்ப் அடிக்கட்டுமா?"

"தொடாத." குரல் அவருடையது மாதிரியே இல்லை. "உள்ள தகடு காஞ்சு கெடந்தா பச்சத் தண்ணி பட்டதும் வெடிச்சிரும். புள்ளைங்கள எறக்கு. ஓடச் சொல்லாத, நடக்கச் சொல்லு."

"பயமுறுத்தாதீங்க அத்தான்."

"நானே பயந்துதான் போயிருக்கேன். போ."

கடைசிப் பெட்டியில் ஒரு சிறுமியின் செருப்பு வார் மாட்டிக்கொண்டது. மைத்துனன் குனிந்து அதை விடுவிக்கும்வரை பல்செட்காரர் என்ஜினுக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்றார். அவர் உடம்பு எதைத் தடுத்துவிடும்? ஆனாலும் நின்றார். 

எல்லோரும் சுவருக்கு அப்பால் போனதும் மண்டியிட்டு, நெருப்பைத் தாங்கும் அடித்தட்டின் ஊசியை உருவினார். நெருப்பு மொத்தமாகக் கீழே கொட்டியது. திரும்பிப் பார்க்காமல் ஓடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். என்ஜினிலிருந்து வந்த ஒவ்வொரு டிக் சத்தத்துக்கும் தோள் சுருங்கியது. அழுத்தம் இறங்க நாற்பது நிமிடம் பிடித்தது.

"என் பொண்ணு ஏறவே இல்லையே, அதுக்குள்ள ஏன் நிறுத்திட்டீங்க?" என்று ஒரு தாய் சலித்துக்கொண்டாள். அவர் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் அவரும் மைத்துனனும் என்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். கண்ணாடியின் கீழ்த் துவாரத்தை, கசியாமலிருக்க அவரே மரையில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பின் துணுக்கு அடைத்திருந்தது. கொதிகலனில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை.

"அப்ப அந்தக் கரிக்காரர் சொன்னது..." என்றான் மைத்துனன்.

"உண்மையா இருந்திருக்கலாம். இனி யாருக்குத் தெரியும்?"

அன்று மாலை தம்பி சொல்லித்தான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அவள் கத்தவில்லை. கணவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எத்தன புள்ளைங்க இருந்தாங்க?"

"பன்னெண்டு" என்றார். "ஒவ்வொருத்தரையும் நாந்தான் ஏத்தி உக்கார வச்சேன்."